தே தாரே வந்த மத்தியானம்

மெமரிக்குள்ளேயே கணக்குப் போடும் சிப்பு ஒன்றுக்காக, இயங்குதளத்தில் ஒரு மென்பொருள் அடுக்கு எழுதுவதுதான் கோலாலம்பூர் பங்சார் அலுவலகத்தில் என் வேலை. தரவு ப்ராசஸருக்கும் மெமரிக்கும் இடையே அலையும் அலைச்சல் மிச்சம். சிப்பின் உள்விவகாரம் தெரியாதவரும் எங்கள் அடுக்கை நம்பி நிரல் எழுதலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். மேலதிகாரிகளுக்கு டெமோ காட்ட வேண்டிய அன்று காலை, சிப்பு போட்ட கூட்டல் சில சமயம் சரியாக வந்தது, சில சமயம் தப்பாக வந்தது. எப்போதும் தப்பென்றால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

டெமோ சொதப்பினால் குழுவைக் கலைத்து என்னைப் பினாங்குக் கிளைக்கு அனுப்பிவிடுவார்கள். கணவருக்குக் கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாரக்கடைசி மனைவியாக இருக்க எனக்குத் துளியும் இஷ்டமில்லை.

அதற்காக வயிறு சும்மா இருக்குமா? கூட வேலை செய்யும் தோழியோடு பிரிக்பீல்ட்ஸில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். இழுத்து ஆற்றித் தரும் பால் தேநீரான தே தாரே சொன்னேன். பரிமாறுபவர் நின்ற இடத்திலிருந்தே தேநீர் கலக்குபவருக்குக் குரல் கொடுத்தார். எனக்கு மனம் மாறிவிட்டது. "அண்ணே, தே ஓ கோசோங் போதும். பால், சீனி வேணாம்."

"ஓகே லா அக்கா" என்று தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். வந்தது என்னவோ நுரை தள்ளிய தே தாரே.

"புதுசா சொன்னது அவர் தலையிலயே நின்னுடுச்சு, கலக்குறவருக்குப் போகவே இல்ல!" என்று எரிந்து விழுந்தவள் சட்டென்று வாயை மூடினேன். எங்கள் சிப்பிலும் அதே கதைதான் என்று தோழியிடம் சொன்னேன். ப்ராசஸர் மாற்றிய எண் அதன் கைவசமுள்ள கேஷ் என்னும் தற்காலிக நினைவகத்திலேயே தங்கிவிட, மெமரிப் பக்கத்துச் சிப்பு பழைய எண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"யூசர் மேனுவல்ல எழுதிப் போட்டுடலாம். நிரல் எழுதறவங்களே கேஷைக் காலி பண்ணிக்கட்டும்" என்றாள் தோழி.

"சாப்பிட வந்தவன் அடுப்படிக்குப் போய்ச் சொல்லணுமா? அத நம்ம அடுக்குதான் பார்த்துக்கணும் லா."

தே தாரேயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஓடினோம். கணக்கைச் சிப்பிடம் ஒப்படைக்கும் முன் கேஷில் உள்ளதை மெமரிக்குத் தள்ளும் வேலையை அடுக்குக்குள்ளேயே சேர்த்தேன். டெமோவில் கூட்டல் ஒவ்வொரு முறையும் சரியாக வந்தது.

உடனே கணவருக்கு போன் போட்டேன். "பினாங்கு கிடையாதுங்க!"

"உன்கூட வந்துடலாம்னு நான் நேத்தே பினாங்குக்கு டிரான்ஸ்பர் கேட்டுட்டேனே" என்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ டென்ஷன்ல இருந்த. டெமோ முடியட்டும்னு வெச்சிருந்தேன்."

பிள்ளைகளை விட்டு ஒரு நாள் லீவு போடவே மனசு வராத மனிதர் அவர். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"முதல்ல அத வாபஸ் வாங்குங்க. வாங்கின உடனே, உங்க தலையிலயே வெச்சுக்காம, எனக்கு போன் பண்ணிச் சொல்லுங்க" என்றேன்.