ரயிலேறிய குழந்தைகளும் எங்கள் அம்மாவின் கேள்வியும்

எங்கள் அம்மாவை அறிந்தவர்கள் முதலில் நினைத்துக்கொள்வது அவர்களின் சந்தேகத்தைத்தான். இந்த முதலாண்டு நினைவு மலரில் அதை மறைத்து எழுதினால் இது வேறு யாருடைய மலராகவோ ஆகிவிடும்.

கடற்கரையில் பிறந்தார்கள். இளம் வயதில் கணவரை இழந்து, கருங்கல் ஊர்ச் சந்தையில் மீன் விற்று எங்கள் மூவரையும் படிக்க வைத்தார்கள். வாங்கும் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். அரிசிச் சாக்கின் அடிவரை கையை விடுவார்கள். நிருபரான நான் பத்திரிகையில் எழுதிய செய்தியை வாசித்துக் காட்டினால், "நீ நேர்ல பாத்தியா மக்கா?" என்பார்கள்.

சுனாமியில் பக்கத்து வீட்டுத் தம்பதியர் இறந்தார்கள். அவர்கள் மகள் ஷீபா மட்டும் மிஞ்சினாள். ஞானஸ்நானத்தில் அவளை ஏந்தி நின்ற ஞானத்தாய் எங்கள் அம்மா. சட்டப்படி பொறுப்பு தாய்மாமனுக்கு.

சில வாரங்களில், தூர நகரத்துக் குழந்தைகள் இல்லம் ஒன்றிலிருந்து ஆட்கள் வந்து, பெற்றோரை இழந்த பிள்ளைகளை அழைத்துப்போய்ப் படிக்க வைப்பதாகச் சொல்லி, கோயில் மண்டபத்தில் ஓர் ஆவணப்படம் காட்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு யூதக் குழந்தைகளை ரயிலேற்றி அயல்நாட்டுக்கு அனுப்பிக் காப்பாற்றிய கதை. நடைமேடையில் கையசைக்கும் தாய்மார்களைப் பார்த்து அம்மா அழுதார்கள். படம் முடிந்ததும் வந்தவர், அந்தத் தாய்மார்களைப் போல நீங்களும் துணிய வேண்டும் என்றார். ஷீபாவை அனுப்ப மாமன் கையெழுத்திடத் தயாராக இருந்தார். அம்மா எழுந்தார்கள்.

"சாரே, அந்தப் பிள்ளையள்ல எத்தன பேரு திரும்ப அம்மையப் பாத்துது?"

பலரும் பார்க்கவில்லை, பெற்றோரைக் கொன்றுவிட்டார்கள் என்றார் அவர்.

"சாருக்கும் செவுளத் தூக்கிப் பாத்தாத்தான் ஒனக்கு நிம்மதி" என்று மாமன் கேலி செய்ய, மண்டபம் சிரித்தது.

அம்மா சிரிக்கவில்லை. "அவங்களுக்கு வேற வழி இல்ல. இவளுக்கு இருக்கு. கோயில்ல இவள ஏந்துனவ நான் உயிரோட இருக்கேன்."

ஞானத்தாய் எல்லோர் முன்னும் அப்படிச் சொன்னபின் எங்கள் ஊரில் எந்த மாமனும் கையெழுத்திட மாட்டார். ஷீபா எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். படத்தை அம்மா நம்பினார்கள், கொண்டுவந்தவர்களை நம்பவில்லை.

அந்த இல்லம் தவறானது என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. அன்று அவர்களுடைய வேனில் போன எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருவரில் ஒருவன் படித்து நல்ல வேலையில் இருக்கிறான். மற்றப் பெண்ணைப் பற்றி நான் பலமுறை விசாரித்தும் உறுதியான தகவல் கிடைக்கவில்லை.

பள்ளியிறுதி வகுப்பில் ஷீபா ஒருநாள், அங்கே போயிருந்தால் இன்னும் நன்றாகப் படித்திருப்பேனோ என்று அம்மாவிடம் கேட்டாள்.

"படிச்சிருப்ப மக்கா. ஆனா ஒன்ன எங்க வந்து தேடணும்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது."

அம்மா படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில் ஷீபாதான் மருந்து கொடுத்தாள். உறையை வாசிக்காமல் ஒரு மாத்திரையும் கொடுத்ததில்லை.

மருத்துவமனையில் உடனிருந்த உறவினர்கள், ஜெபித்த பங்கு மக்கள், அடக்கத்தன்று கடலுக்குப் போகாமல் நின்ற தொழிலாளர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. நினைவுநாள் அழைப்பிதழில் பிள்ளைகள் வரிசையில் நான்காவது பெயர் எப்படி வந்தது என்று சில சொந்தங்கள் விசாரிப்பதாக அறிகிறோம். அச்சுப் பிழை இல்லை. ஷீபா எங்கள் தங்கை.