ரெண்டு பேர் துணி

எங்கள் தெருவில் அப்பாவுக்கு ‘ஓடுதுல்ல’ என்று பெயர். வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது, காரணம் மட்டும் எல்லாருக்கும் தெரியும். மாடியில் குடியிருப்பவர்கள் வந்து ஃபிரிட்ஜ் உறுமுகிறது, கீசரில் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்று சொன்னால், அப்பா முழுசாகக் கேட்டுவிட்டு, “ஓடுதுல்ல?” என்பார். ஓடுகிறது என்று அவர்கள் ஒப்புக்கொண்டாக வேண்டும். “அப்புறம் என்ன?” அத்தோடு வழக்கு முடிந்தது.

அவரைக் கஞ்சன் என்று சொல்லிவிட முடியாது. கஞ்சனாக இருந்திருந்தால் எனக்குத் திட்டுவதற்கு வசதியாக இருந்திருக்கும். அவர் வாழ்நாளெல்லாம் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்தவர். காயலான் கடைக்குப் போக இருந்தவற்றைத் தூக்கிவந்து உயிர் கொடுத்து, அவற்றை வைத்தே வாடகைக்கு விடும் மாடி வீட்டை ஒப்பேற்றினார். ஒரு பொருளை மாற்றித் தாருங்கள் என்று யாராவது கேட்டால், உன் கைவேலை சரியில்லை என்று சொன்னதாகத்தான் அவர் காதில் விழும். மாற்றலாமா வேண்டாமா என்று சாப்பாட்டு மேஜையில் மந்திரிசபை கூடும். அம்மா எதிர்க்கட்சி. நான் நேரத்துக்கு ஒரு கட்சி. ஓட்டு அப்பா ஒருவருக்குத்தான்.

அப்படியிருக்கும்போதுதான் டீச்சர் தன் அப்பாவோடு மாடிக்குக் குடிவந்தார். கணக்கு டீச்சர். அதிர்ந்து பேசமாட்டார். பெரியவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையைக் கழுத்துப் பித்தான் வரை பூட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். நான் வேலைக்குக் கிளம்பும்போது, எதிரே வரும் பஸ்ஸுக்கு டிரைவர்கள் காட்டுகிற மாதிரி ஒரு கையை லேசாகத் தூக்குவார். நானும் தூக்குவேன். எங்களுக்குள் பேச்சு என்றால் அவ்வளவுதான்.

வந்த கொஞ்ச நாளில் மாடி மெஷினுக்கு பெல்ட் அறுந்தது. அப்பா மாற்றினார். அடுத்து பேரிங் போய், டிரம் சுற்றும்போதெல்லாம் வீடே மாவு மில்லாக இரைந்தது. டீச்சர் கீழே வந்து, “சார், வேற மெஷின் மாத்தித் தர முடியுமா? பழசா இருந்தாலும் பரவாயில்ல,” என்று கேட்டார். அப்பா பையை எடுத்துக்கொண்டு மேலே போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் துப்புத் துலக்கிய களை.

“அந்த பேரிங்கை நான் புதுசா போட்டேன். ரெண்டு பேர் துணிக்கு அது இப்படித் தேயவே தேயாது,” என்றார் சோற்றைப் பிசைந்தபடி. “பிளீச் வாடை மூக்கைத் துளைக்குது. மொட்டை மாடியில கொடி சும்மா கிடக்கு, ஹாலுக்குள்ள கயிறு கட்டி வரிசையா போர்வை காயுது. எதுக்கு ஒளிச்சு ஒளிச்சு காயப்போடணும்? ஊர்த் துணி வாங்கித் துவைக்குது.”

“டீச்சருக்கு என்னங்க தலையெழுத்து அது?” என்றாள் அம்மா. “ஸ்கூலுக்கும் ஓடிட்டு, அப்பாவையும் பாத்துக்கிட்டு நிக்குது. பேசாம மாத்திக் குடுத்துடுங்க.”

“மாத்தினா அதையும் இப்படித்தான் ஓட்டும். ஊர் அழுக்கைத் துவைக்க நானா மெஷின் வாங்கித் தரணும்?”

“எப்படிப்பா அவ்வளவு உறுதியா சொல்றீங்க?” என்றேன்.

“மெஷின் பொய் சொல்லாதும்மா.”

அது உண்மைதான். மெஷின் பொய் சொல்லவில்லை. நிறையத் துணி என்று மட்டும் சொன்னது. யாருடைய துணி என்பதை அப்பாவாகச் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்து மாடிப்படி ஏறும்போதே அப்பா மடக்கிவிட்டார். எதிர்வீட்டு அக்கா எங்கள் வாசலில் நின்று அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். ஆள் இருக்கிறதே என்று அப்பா குரலைத் தணிக்கவில்லை. இருக்கட்டும் என்றுதான் நினைத்தாரோ என்னவோ.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும். லாண்டரி ஏதாவது நடத்துறீங்களா?”

டீச்சருக்குப் புரியவில்லை. “என்ன சார்?”

“ரெண்டே பேரு. தினமும் மூணு தடவை மெஷின் ஓடுது. நடத்துறதுன்னா வெளிப்படையா சொல்லிடுங்க, அதுக்கேத்த மாதிரி பேசிக்கலாம். மறைச்சு செய்யக் கூடாதில்லையா?”

எதிர்வீட்டு அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். டீச்சரின் கழுத்தெல்லாம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து, மேலே திறந்து கிடந்த கதவை ஒரு தடவை பார்த்து, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார்.

“எங்க துணிதான் சார். மெஷினை எடுத்துக்குங்க. நான் கையாலயே துவைச்சுக்கிறேன்,” என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

“பாத்தியா, பதிலே இல்ல,” என்றார் அப்பா எங்களைப் பார்த்து. பிறகு ஆள் வைத்து மெஷினைக் கீழே இறக்கினார். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு விடியும் முன்பே மாடிக் குளியலறையில் துணி அடிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. அப்பா அதை யாரோ ரேடியோ வைத்த மாதிரி கேட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். ஒரு தடவை வாடகை கொடுக்க வந்த டீச்சரின் விரல்கள் தோலுரிந்திருந்ததைப் பார்த்துவிட்டு அம்மா அன்று முழுக்க அப்பாவோடு பேசவில்லை. அப்பாவும் எதற்கு என்று கேட்கவில்லை.

நான் வீட்டில் இருந்த ஒரு நாள், டீச்சர் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், பெரியவர் கீழே வந்தார். படிக்கட்டில் அவரை நான் பார்த்ததே இல்லை. கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து இறங்கினார். அதே இஸ்திரிச் சட்டை.

“வாங்க, வாங்க. உக்காருங்க,” என்று அப்பா சோபாவைக் காட்டினார்.

“இருக்கட்டும் தம்பி, நிக்கிறேன்.” என்னைப் பார்த்தார். “பாப்பா, கொஞ்சம் உள்ள இருக்கியாம்மா?”

நான் சமையலறைக்குப் போனேன். அங்கே அம்மா ஏற்கெனவே அடுப்பை அணைத்துவிட்டு நின்றிருந்தாள். எங்கள் வீட்டுச் சுவருக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

“தம்பி, அன்னைக்குப் படியில எங்க பொண்ணுகிட்ட நீங்க கேட்டீங்கல்ல, அது என் காதுல விழுந்துச்சு. நான் தூங்குறேன்னு அது நினைச்சுட்டிருந்துச்சு.”

“அது வந்து, மெஷின் நிலைமையைப் பாத்து…”

“ஊர்த் துணி இல்ல தம்பி. எல்லாம் என் துணி.”

அப்பா சட்டென்று எழுந்த சத்தம் கேட்டது.

“எனக்கு ஒண்ணுக்கு நிக்கிறதில்ல. தெரியாமயே போயிடுது. ராத்திரிக்கு ரெண்டு மூணு போர்வை, பகல்ல நாலஞ்சு வேட்டி. வாடை வரக்கூடாதுன்னு மருந்து ஊத்தித் துவைக்குது பொண்ணு. வெளியில காயப்போட்டா தினமும் என்ன இத்தனை போர்வைன்னு யாராவது கேப்பாங்க, நான் கூசிப்போவேன்னு உள்ளயே கட்டி வெச்சிருக்கு. அன்னைக்கு உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதோட மானம் நின்னிருக்கும். என் மானத்துக்காக அது வாங்கிக் கட்டிக்கிச்சு.”

பெரியவர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

“வழியில நிறுத்த முடியாம ஒரு ட்ரிப்பு முழுக்க அடக்கிட்டு வண்டி ஓட்டியிருக்கேன் தம்பி. பஸ் நிறைய ஆளுங்க, ஒருத்தருக்கும் தெரியாது. அந்த உடம்புதான் இது.”

“நீங்க முதல்ல உக்காருங்கய்யா,” என்றார் அப்பா. குரல் அவருடையதாகவே இல்லை.

“வேணாம் தம்பி. துணி உறை போட்ட சோபா.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்த சோபாவைத் தூக்கித் தெருவில் போட வேண்டும் போலிருந்தது.

“மெஷின் குடுக்கிறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். எங்க பொண்ணு அப்படிப்பட்டது இல்லன்னு சொல்லத்தான் வந்தேன். ஒரே ஒரு உதவி. நான் கீழ வந்தது அதுக்குத் தெரியக் கூடாது. எனக்குக் கேட்டுடுச்சுன்னு தெரிஞ்சா அது தாங்காது.”

அவரைக் கைத்தாங்கலாக மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அப்பா, வராந்தாவில் கிடந்த அந்தப் பழைய மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. நான் போய் நின்றபோது நிமிராமலே, “நான் கேட்டிருக்கணும்மா. நல்ல வார்த்தையா உள்ள போய் உக்காந்து கேட்டிருக்கணும்,” என்றார். ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் அப்பாவை நினைத்து நான் அவ்வளவு கூசியது கிடையாது.

அந்த வார லீவு நாளில் புது மெஷின் வந்து இறங்கியது. அட்டைப்பெட்டி பிரிக்காத மெஷின் எங்கள் வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டு அக்கா, “என்ன சார், ஓடலையா?” என்று சீண்டினாள். டீச்சர் படியில் திகைத்து நின்றார்.

அப்பா எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். “தப்பு என்னோடதும்மா. நான் போட்ட பேரிங் மட்டமான சரக்கு. மாட்டினதும் கோணல். என் வேலை சரியில்லாம, உங்கமேல பழியைப் போட்டுட்டேன். மன்னிச்சுக்கணும்.”

அந்த பேரிங் முதல் தரம் என்று எனக்குத் தெரியும். தன் கைவேலையைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எதிர்வீட்டு அக்கா வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆட்கள் மெஷினை மேலே தூக்கிப் போனார்கள். பெரியவர் உள்ளிருந்து, “என்னம்மா அது, புது மெஷினா?” என்று ஒன்றும் அறியாதவர் போலக் கேட்டது எங்களுக்குக் கேட்டது. டீச்சர், “ஆமாப்பா, ஓனர் சார் குடுத்திருக்காரு,” என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு, ஒரு படி இறங்கி அப்பாவிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார்.

“நீங்க மன்னிப்பெல்லாம் கேக்கணுமா சார்? எனக்கு ஒரே நிம்மதி என்னன்னா, நீங்க அன்னைக்குக் கேட்டது எங்கப்பா காதுல விழல. விழுந்திருந்தா மனுஷன் அப்பவே உடைஞ்சு போயிருப்பாரு.”

அப்பா மாடிக் கதவையும் பார்க்கவில்லை, டீச்சர் முகத்தையும் பார்க்கவில்லை.

“ஆமாம்மா,” என்றார். “நல்லவேளை.”