நூற்றுக்குப் பத்து வெட்டு

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் முனீப் முதலாளியின் மின்சாதனக் கடையில், திருப்பிக் கொண்டு வரும் சாமான்களைச் சோதித்து எடுப்பது ஹுஸ்னியாவின் வேலை. பதினொரு வருடமாகக் கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வருகிறாள். பெட்டி பிரிக்காமல் வந்தால் முழுக் காசும் உண்டு. பிரித்திருந்தால் நூற்றுக்குப் பத்து வெட்டு. திருப்பும் காரணத்தையும் கடைப் பாரத்தில், அதற்கென்று உள்ள கட்டத்தில் எழுத வேண்டும். மற்றக் கடைகளில் அந்தக் கட்டத்தை யாரும் கவனிப்பதில்லை. ஹுஸ்னியாவோ உண்மையை எழுதும்வரை ஆளை விடமாட்டாள்.

அவளிடம் புளுகித் தப்பியவர்கள் குறைவு. காற்றே வரவில்லை என்று வந்த மின்விசிறியின் இறக்கையில் மீன் செதிலைக் கண்டிருக்கிறாள். கிரிக்கெட் இறுதி ஆட்டம் முடிந்த மறுநாள் மூன்று டீவி வந்தன. மூன்றுக்கும் ஒரே காரணம், படம் தெளிவில்லையாம். சல்லி ஊரிலிருந்து இரத்தினேஸ்வரி என்றொருத்தி ரைஸ் குக்கரைக் கொண்டுவந்து, பெட்டி பிரிக்கவேயில்லை என்று அம்மன்மேல் சத்தியம் செய்தாள். ஹுஸ்னியா டேப்பை விரலால் தடவினாள். உள்ளே சட்டியைத் தூக்கியதும் அடித்தட்டின் ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து கிடந்தது.

"ஒருக்காத்தான் பிள்ளை ஆக்கினனான்."

"ஒருக்கா எண்டாலும் இதைப் புதுசெண்டு விக்க ஏலாது அக்கா."

வெட்டினாள். இரத்தினேஸ்வரி மண்ணை வாரித் தூற்றாத குறையாகப் போனாள்.

ஓர்ஸ் ஹில் பக்கம் வெட்டே இல்லாத கடை ஒன்று திறந்ததும் முனீப் ஹுஸ்னியாவிடம் வந்தார்.

"நாங்களும் வெட்ட எடுத்திடுவமா ராத்தா? சனம் அங்க போகுது."

"எடுங்க. பிறகு ஒருத்தர் ஆக்கின சட்டிய இன்னொருத்தருக்குப் புதுசெண்டு குடுக்கோணும். அதுக்கு வேற ஆளப் பாருங்க."

முதலாளி வெட்டை எடுக்கவில்லை.

ஓகஸ்டில் ஹுஸ்னியாவின் மகள் ஜுமானாவின் கலியாணம் நின்றுபோனது. இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பி, வேண்டாம் என்றார்கள். காரணம் சொல்லவில்லை. ஊரெல்லாம் காரணம் கேட்டு எழுதவைத்தவள், அவர்களிடம் போய்க் கேட்க வாய் வராமல் இருந்துவிட்டாள். மகளுக்கென்று கட்டிய வீட்டில், முனீப்பின் கடையிலேயே வாங்கிய பிரிட்ஜ், வொஷிங் மெஷின், ரைஸ் குக்கர் மூன்றும் பெட்டியோடு நின்றன. அந்த வீட்டில் ஒருவரும் புழங்கவில்லை, ஒரு பெட்டியும் பிரிக்கவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தாள். அவளுக்கு மிஞ்சியிருந்த மானம் அந்தப் பேச்சுத்தான்.

சாமான்கள் சின்ன லொறியில் கடைக்கு வந்தன. முதல் இரண்டும் சரி. மூன்றாவதான குக்கர் பெட்டியின் டேப்பை விரலால் தடவினாள். பிரித்து மறுபடி ஒட்டியிருந்தது. சட்டியைத் தூக்கினாள். அடித்தட்டின் ஓரத்தில் ஒரு பருக்கை.

"உங்கட சாமானுக்கு என்னத்துக்கு ராத்தா சோதினை?" என்றார் முனீப். "பிரிக்கேல்ல எண்டு போடுங்க."

"சல்லி அக்காக்கு வெட்டினனான்தானே."

'பாவித்தது' என்று எழுதி, பத்து வீதத்தைக் கழித்தாள். காரணம் எழுதும் கட்டத்தில் பேனை நின்றது.

"அத நாளைக்கு எழுதுறன்," என்றாள்.

பின்னேரம் வீட்டுக்குப் போனபோது ஜுமானா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"குக்கர்ல சோறு ஆக்கினியா?"

ஜுமானா நிமிரவில்லை. "ஓம் உம்மா."

"எப்ப?"

"அவங்க வேணாமெண்டு சொன்ன அடுத்த நாள். நீங்க வேலைக்குப் போயிருந்த நேரம். அவரப் புது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டனான். என்ன குறையெண்டு என்ட முகத்தப் பார்த்துச் சொல்லிட்டுப் போங்க எண்டனான்."

"வந்தானா?"

"சோத்துக்கு ரெண்டு பீங்கான் வச்சிட்டு, பின்னேரம் அசர் பாங்கு சொல்லுமட்டும் பாத்துக்கொண்டிருந்தனான்."

ஆம்பிளையைத் தனி வீட்டுக்குக் கூப்பிட்டாயா என்று ஏசத்தான் வாயைத் திறந்தாள். அழுகை வந்துவிட்டது. தான் கேட்கப் பயந்ததை இவள் கேட்டிருக்கிறாள். மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்ச உடுப்புகளை மடித்தாள்.

மறுநாள் காலை கடைக்குப் போனதும் அந்தப் பாரத்தை எடுத்தாள். காரணம் என்ற கட்டத்தில், எழுத்து விளங்கும்படி நிறுத்தி எழுதினாள்:

'சாப்பிட ஆள் வரவில்லை.'