ஆப்பிரிக்கா போக ஒரு படிவம்

வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். எங்கள் திட்டத்தைப் பார்க்க ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு குழு வருகிறது என்றதும் ஒரே அமளி. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், எனக்கு மூட்டை மூட்டையாகப் புத்திமதி சொன்னார்கள். இத்தனை வருடம் ஒழுகிய கூரை அந்த வாரம்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

வந்தவர்களில் ஓர் அம்மாள், அவர்கள் நாட்டில் பள்ளிச் சாப்பாட்டுக்குப் பொறுப்பானவர். பிள்ளைகளுக்குப் போடும் முன் நான் சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னதும், தானும் சாப்பிடலாமா என்று கேட்டார். மற்றவர்களுக்கு ஜெயங்கொண்டத்தில் பிரியாணி சொல்லி வைத்திருந்தது. அவர் என் எதிரே தரையில் உட்கார்ந்து சாம்பார் சாதத்தைப் பிசைந்து தட்டை வழித்துச் சாப்பிட்டார். கணவர் இறந்த பிறகு ஒன்பது வருடமாக என் எதிரே உட்கார்ந்து யாரும் சாப்பிட்டதில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காரம் என்று சமாளித்தேன்.

சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பிள்ளைகளுக்கு முன் சாப்பிட்டுப் பார்க்கும் இந்த வழக்கத்தை அங்கேயும் கொண்டுவரப் போகிறார்களாம். நான் ஒரு மாதம் வந்து அவர்கள் சமையல் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளிநாடு, விமானம் எல்லாம் யாருக்கு வேண்டும்? அந்த அம்மாளோடு இன்னொரு முறை சாப்பிடலாம், அவ்வளவுதான்.

அரியலூர் கலெக்டர் ஆபீஸில் பயண அனுமதிக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரம் என்றால் யாருக்குத் தகவல் சொல்வது என்று அதில் ஒரு கட்டம். எனக்குப் பிள்ளை இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. கொழுந்தன் வீட்டோடு பேச்சு இல்லை. அதற்கு என் வாயும் ஒரு காரணம். யோசித்து யோசித்து அந்த அம்மாள் பெயரையே எழுதிக் கொடுத்தேன்.

எழுத்தர் சிரித்துவிட்டார். "என்னம்மா, போற ஊர்க்காரங்களையே போட்டிருக்கீங்க? இங்க உள்ளவங்கதான் வேணும். இல்லாட்டி மேல அனுப்ப முடியாதுங்க."

"இங்க யாரும் இல்லீங்க சார்."

அவர் சிரிப்பு நின்றது. நான் எழுதியதை அடித்துவிட்டுத் தன் பெயரையும் போன் நம்பரையும் எழுதினார். "என்ன உறவுன்னு கேட்டிருக்கு. என்னன்னு போடட்டும்?"

எனக்கு ஒரு தம்பி இருந்திருந்தால் அவர் வயதுதான் இருக்கும். தம்பி என்று போடுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. யாரையும் விட்டுவைக்காத இந்த வாய் அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. அவரே 'தெரிந்தவர்' என்று எழுதினார்.

அவர் என்னை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்க்கிறார்.