பீரோவில் தூங்கிய ஜம்ப் ஸ்டார்ட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. மன்னார்குடியில் எங்கள் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா புதுப் புடவையில் காரின் பின்சீட்டில் தயாராக உட்கார்ந்திருக்கிறார். ஸ்டியரிங்கில் நான். சாவியைத் திருகினேன். 'டிக்' என்று ஒரு சத்தம்... அவ்வளவுதான்!

துபாயிலிருந்து அவர் மகன் அன்வர் வருகிறான். திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டும். டாக்ஸிக்கு போன் போட்டால், முகூர்த்த நாளாம். எல்லா வண்டியும் கல்யாணத்துக்குப் போயாச்சு.

"போன தடவை அவங்க அத்தா மௌத்துக்கு, அடக்கம் பண்ண வந்தான் தம்பி. ஏர்போர்ட் வாசல்ல அவனுக்குன்னு ஒரு ஆள் நிக்கல. இந்தத் தடவை நான் நிக்கணும்" என்றார் அக்கா. அப்பாவின் சாவுக்குத் தனியாக வந்து இறங்கிய பிள்ளை அவன்.

கார் அன்வர் வாங்கிப் போட்டது. டீசல் வண்டி. அவன் லீவில் வந்தால் ஓடும்; மற்ற நாளெல்லாம் உறை போர்த்திக்கொண்டு ஷெட்டில் கிடக்கும். ஓடாத வண்டியில் பேட்டரி மட்டும் எப்படி உயிரோடு இருக்கும்?

அதற்குத்தான், சார்ஜ் தீர்ந்த பேட்டரியை உசுப்பிவிடும் கையடக்கப் பெட்டி தேடியவன், "எந்த ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கலாம் சார்?" என்று, பத்திரிகையில் கார் பற்றி எழுதுகிற என்னை முன்பே கேட்டிருந்தான். கேட்டால் விடுவேனா? டீசல் இன்ஜினுக்குக் கூடுதல் திறன் வேண்டும், அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 'பீக்' கரண்ட் நம்பரைப் பார்த்து மயங்காதே, அது ஒரு நொடிக்குத்தான், வயரை மாற்றி மாட்டினாலும் புகையாத மாதிரி பாதுகாப்பு இருக்கா பார் என்று போனிலேயே பாடம் எடுத்தேன். பிள்ளையும் நல்லதாகப் பார்த்து வாங்கி, ஊருக்கு வந்த நண்பரிடம் கொடுத்தனுப்பினான்.

"அக்கா, அந்த ஜம்ப் ஸ்டார்ட்டர் எங்கே?"

"பீரோவுல பத்திரமா இருக்கு!"

ஓடிப்போய் எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. "அவனே வந்து பிரிக்கட்டும்னு வச்சிருந்தேன்..."

நம் பக்கத்தில் கல்ஃபிலிருந்து எது வந்தாலும் முதலில் பீரோவுக்குத்தானே போகும்? சென்ட், போர்வை, டார்ச் லைட்... இப்போது இதுவும். பட்டனை அமுக்கினேன். ஒரு விளக்கும் எரியவில்லை. சார்ஜ் ஏற்ற நேரமும் இல்லை.

ஆகவே வாசகர்களே, எந்த கம்பெனி என்பதெல்லாம் அப்புறம். வந்த அன்றே உறையைக் கிழித்து சார்ஜ் போடுங்கள். அவ்வப்போது எடுத்து மறுபடி போடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

எதிர்வீட்டு முருகேசன் வயலுக்கு டிராக்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அதைத் திருப்பி, காரை ஒட்டி நிறுத்தினார். ஜம்பர் கேபிளை எடுத்து இரண்டு பேட்டரியிலும் மாட்டினார். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க சார்!"

கார் உறுமியது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் அக்கா.

திருச்சி ஏர்போர்ட்டில் அன்வர் டிராலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது, தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி முதல் ஆளாக அக்கா நின்றார். அவன் டிராலியை விட்டுவிட்டு ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்; அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

காரில் ஏறியதும் அன்வர் கேட்டான்: "நான் அனுப்புன ஜம்ப் ஸ்டார்ட்டர் எப்படிம்மா இருக்கு?"

அக்கா கொஞ்சமும் தயங்கவில்லை.

"புதுசு மாதிரியே இருக்குப்பா. ஒரு கீறல் இல்ல!"