அவள் அழுத்திய ஜீரோ

பெட்ரோல் போடுவதற்கு முன் பங்க்கில் "ஜீரோ பாருங்க சார்" என்பார்கள். பம்பைப் பார்ப்பது என் வேலை. காரில் ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் ட்ரிப் மீட்டரை அழுத்தி ஜீரோவாக்குவது என் மனைவியின் வேலை. என் பக்கம் சாய்ந்து அழுத்திவிட்டு, "நம்மதும் ஜீரோங்க" என்பாள். பழைய காரில் அந்த எண்ணை வைத்துத்தான் நோட்டில் மைலேஜ் எழுதுவேன். புதிய காரில் திரையே மைலேஜைச் சொல்லிவிடுகிறது. "உங்க நோட்டுக்கு ரிட்டயர்மென்ட்" என்று சிரித்தாள். ஆனாலும் அழுத்துவதை விடவில்லை.

கடைசியாக உப்பல் பங்க்கில் அழுத்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. அவளுக்கு மூச்சு வாங்கியது. "விடு, நான் பாத்துக்கறேன்" என்றேன். "நக்கோ, வேண்டாம். அது என் வேலை" என்றாள். நான்காம் நாள் போய்விட்டாள்.

பிறகு பதினோரு மாதம். எட்டு முறை பெட்ரோல் போட்டேன்; ட்ரிப்பைத் தொடவில்லை. ஞாயிறுதோறும் கல்லறைக்குப் போக வரப் பன்னிரண்டு கிலோமீட்டர். அவள் விரல் எடுத்த இடத்திலிருந்து எல்லாம் அதில் சேர்ந்துகொண்டே இருந்தது. சர்வீஸுக்கு விட்ட காலையில் 2,318.

முன்பு ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் பாதி சர்வீஸ் முடிந்தது. இப்போது லேப்டாப்பைச் செருகுகிறார்கள். மெக்கானிக் செகந்திராபாத் தமிழர். மூன்றரை லிட்டர் ஆயிலும் முழுதாக உள்ளே போகிறதா என்று நான் டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கு. போட்டா எல்லாம் ரீசெட் ஆயிடும். பரவால்லையா?"

கணக்குத் தப்பிவிடும் என்று திரும்பாமலே "ஹவ், ஹவ், போடுப்பா" என்று கையசைத்தேன்.

ஆயில் சரியாக இருந்தது. ட்ரிப்பில் 0.0.

"இத திருப்பிக் கொண்டுவர முடியாதா?"

"ட்ரிப்பா அங்கிள்? அத யாரு வெச்சிக்கறாங்க?"

மகளுக்குப் போன் செய்தேன். "நம்பர்தான் தெரியுமேப்பா. அதோட கூட்டிக்கோங்க" என்றாள். கூட்டத் தெரியாதவனா நான்? எண் தொலையவில்லை. அவள் அழுத்தியது தொலைந்துவிட்டது. அழிப்பதற்குச் சம்மதம் சொன்னவனும் நான்தான்.

டேங்கில் பாதி இருந்தும் நேரே உப்பல் பங்க்குக்குப் போனேன்.

"ஜீரோ பாருங்க சார்" என்றாள் பம்பில் நின்ற பெண்.

பார்த்துவிட்டேன் என்றேன். பார்க்கவில்லை.