பெரியூசியும் கடைசல் மெஷினும்

அந்த மருத்துவமனையில் ஓய்வு பெறுகிறவர்களுக்குச் சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள். வேலையே முடிந்த பிறகு நேரம் பார்த்து என்ன கிழிக்கப்போகிறோம் என்று யாரும் கேட்டதில்லை. பெரியூசி கேட்டாள்.

"எனக்குக் கடிகாரம் வேணாம் சார். பின்னால தச்சுக் கொட்டகையில ஒரு கடைசல் மெஷின் கிடக்குதே, அதக் குடுத்துடுங்க."

கண்காணிப்பாளர் சிரித்தார். பெரியூசி சிரிக்கவில்லை. காலம் முழுக்க நர்ஸாக ஊசி போட்டவள் சிரிக்காமல் நின்றால், எதிரில் இருப்பவரின் கை தானாகவே இடுப்பைப் பொத்திக்கொள்ளும். கண்காணிப்பாளர் மறுபேச்சுப் பேசாமல் அனுமதி கொடுத்தார்.

பெரியூசி என்ற பட்டப்பெயர் வார்டுக்காரர்கள் வைத்தது. ஊசி எல்லாருக்கும் போடுகிற அதே ஊசிதான், கைதான் அப்படி. நோயாளிகள் அவளைக் கண்டாலே அலறுவார்கள். வேலைக்கு நடுவே அவள் கொட்டகைப் பக்கம் போனால், தச்சர் அந்த மெஷினில் கட்டையைச் சுழலவிட்டு உளியை மெல்ல வைப்பார். சீவல் ரிப்பன் மாதிரி சுருண்டு விழும். கட்டை கத்தாது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பொறாமையாக இருக்கும். பிறகு ஊன்றுகோலும் கட்டில் காலும் இரும்பில் வர ஆரம்பித்தன, தச்சர் போனார், மெஷின்மேல் உடைந்த கட்டில்கள் ஏறின, அடியில் ஒரு பூனை குடும்பம் நடத்தியது.

வண்டியிலிருந்து மெஷினை இறக்கும்போது கணவர் வாசலிலேயே நின்றார்.

"என்னடி இது?"

"மெஷின்."

"ஓடுமா?"

"நீங்ககூடத்தான் ஓடல. வீட்டுல வச்சிருக்கேன்ல?"

அவருடைய ஸ்கூட்டர் வீட்டுக் கொட்டகையைக் காலி செய்து வெளியே போனது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டு, துக்க வீட்டில் நிற்பவர்போல் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றார்.

மெஷினின் அச்சு துருவேறி இறுகிக் கிடந்தது. அவளுடைய தம்பி மின்விசிறி ரிப்பேர்காரன். வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இத எடைக்குப் போட்டுடு" என்றான். மச்சானின் பேச்சுக்குக் கணவர் தலையாட்டியது அதுதான் முதல்முறை.

பெரியூசி இருவரையும் கண்டுகொள்ளவில்லை. பழைய மருந்துப் பெட்டியிலிருந்து இருப்பதிலேயே பெரிய சிரிஞ்சை எடுத்தாள். மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஏற்றி, அச்சு உட்காரும் இடத்தில் இருந்த சின்ன ஓட்டை வழியாகக் காலையும் மாலையும் செலுத்தினாள். செலுத்திய இடத்தைப் பஞ்சால் தேய்த்தும் விட்டாள், பழக்கதோஷம்.

"நோயாளிக்கு எப்படி இருக்கு?" என்று கணவர் எட்டிப் பார்த்துக் கேட்பார்.

"உங்களவிடப் பரவாயில்ல. முனகுறதில்ல."

மற்ற நேரமெல்லாம் உப்புத்தாளால் துருவைத் தேய்த்தாள். வீட்டில் துண்டுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், கறுப்பாகத் திரும்பி வந்தன. குளியலறை சாக்கடை அடைத்துக்கொண்டது. ஒரு நாள் பெல்ட் மாட்டும் சக்கரத்தில் சும்மா கையை ஊன்றினாள். அது ஒரு முறை 'கிறீச்' என்று விரற்கடை நகர்ந்தது. அவள் போட்ட கூச்சலில், கை மாட்டிக்கொண்டது என்று கணவர் வேட்டி அவிழ ஓடி வந்தார். அவர் கையைப் பிடித்துச் சக்கரத்தின்மேல் வைத்தாள்.

"சுத்துங்க."

சுற்றினார். "ம்" என்றார். அதோடு சரி. ஆனால் அவள் கடைக்குப் போன நேரங்களில் அவர் கொட்டகைக்குள் போய் அதைச் சுற்றிவிட்டுப் பார்ப்பது பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். ஆகவே தெருவுக்கே தெரியும்.

மோட்டாரைத் தம்பி மாட்டினான். இவன் முன்பு ஒரு வீட்டில் மின்விசிறியைத் தலைகீழாக இணைத்து, கூரைக்குக் காற்று வாங்கிக் கொடுத்தவன். அந்தக் கதை தெரிந்தும் அவனை நம்பியது பெரியூசியின் தவறு.

ஓட்டிப் பார்க்கும் நாளில் குடும்பமே கூடியது. தம்பி மனைவி போனில் படம் பிடித்தாள். கணவர் பாதுகாப்புக்காக வாசலோரம் நின்றுகொண்டார். கட்டையைத் தாங்கும் இரும்புத் தட்டு அச்சின் நுனியில் திருகி மாட்டப்பட்டிருக்கும். சரியான பக்கம் சுற்றினால் இறுகும். எதிர்ப்பக்கம் சுற்றினால் கழன்றுவிடும். சுவிட்சைப் போட்டதும் மெஷின் எதிர்ப்பக்கம் சுற்றியது.

தட்டு கழன்று, கட்டையை உதறிவிட்டுத் தரையில் விழுந்து, நிமிர்ந்து, வாசலை நோக்கி உருண்டது. கணவர் ஓடினார். தட்டும் பின்னாலேயே ஓடியது. அவர் வலப்பக்கம் ஒதுங்க, அது நேராகப் போய் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டுப் படுத்தது.

"ஓடுதுல்லக்கா?" என்றான் தம்பி.

"நீ வீட்டுக்குப் போ" என்றாள்.

எல்லாரும் போன பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். எத்தனை பேர் அலறியபோதும் அசராதவள், இப்போது யோசித்தாள். யாருடைய காலாவது முறிந்திருந்தால்? தாள் போட்டு மூடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது. மெஷின்மேல் வைத்தார்.

"தட்டு ஒண்ணும் கோணலாகல. வயர மாத்திப் போடு."

"ஸ்கூட்டர்?"

"அது கிடக்குது. நீ ஓட்டு, நான் நிக்கிறேன்."

"எங்க நிப்பீங்க?"

"உனக்குப் பின்னாடி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கி, மோட்டார் மூடியைத் திறந்து, வயர்களை மாற்றி இணைத்தாள். முதலில் வெறுமனே ஓடவிட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை தட்டு இறுகிக்கொண்டது. பிறகு கட்டையை மாட்டி உளியை வைத்தாள். மெல்லத்தான் வைத்தாள். சீவல் சுருண்டு எழுந்து அவள் தோளைத் தாண்டி, பின்னால் நின்றவரின் மூக்குக் கண்ணாடியில் தொங்கியது. அவர் அதை எடுக்கவில்லை.

முதலில் செய்தது ஒரு முக்காலி; ஆனால் நாற்காலிதான் திட்டம். நான்கு கால்களும் நான்கு தினுசாக வந்ததால் ஒன்றைக் கழித்துவிட்டாள். கழித்த காலைக் கணவர் கதவோரம் வைத்திருக்கிறார், மச்சான் ரிப்பேருக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு வந்தால் எடுத்துக் காட்ட.

சாப்பாட்டில் மரத்தூள் விழுகிறது என்று இப்போதெல்லாம் அவர் தினமும் புலம்புகிறார்.

"நார்ச்சத்து, சாப்பிடுங்க" என்கிறாள் பெரியூசி.